லினக்ஸ் கூட்டத்துக்குப் போகும் மகன்: பட்டர்வொர்த் அம்மாவுக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

மகன் பாலிடெக்னிக்கில் டிப்ளோமா இரண்டாம் ஆண்டு. மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஃபெரி பிடித்துப் பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுன் போய், லினக்ஸ் பயனர் குழுவில் உட்கார்ந்துவிட்டு, அப்புறம் அவர்களோடு மாமாக் கடையில் தே தாரிக் குடித்து இரவில்தான் வீடு திரும்புகிறான். சான்றிதழ் இல்லை, காசும் வராது, இதனால் என்ன பிரயோஜனம் என்று எழுதியிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். போகட்டும் என்பது என் பதில். ஆனால் மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே மட்டும் இருக்கக் கூடாது.

விண்டோஸைப் போலக் கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்தான் லினக்ஸ். 1991-இல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. உங்கள் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு ஃபோன் என்றால் அதற்குள்ளும் அதுதான். உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர் பட்டியலில் 2017 நவம்பரிலிருந்து எல்லாமே லினக்ஸ். அதெல்லாம் தூரத்துச் சங்கதி. பினாங்கின் தொழிற்பேட்டை இருக்கும் பாயான் லெப்பாஸைப் பாருங்கள். 1972-இல் சிப் நிறுவனமான இண்டெல் வந்த காலத்திலிருந்து பினாங்குப் பிள்ளைகளுக்குச் சோறு போடும் இடம் அது. சிப் வடிவமைக்கும் மென்பொருள்களில் பெரும்பாலானவை லினக்ஸில்தான் ஓடுகின்றன. அந்த வேலைக்குப் போகிறவர் முதல் வாரமே கறுப்புத் திரையில் கட்டளை அடிக்க வேண்டிவரும்.

கட்டளைகளைக் கல்லூரியே சொல்லித்தருமே, கூட்டம் எதற்கு என்பீர்கள். வகுப்பில் ஒழுங்காக ஓடும் கணினியைக் காட்டுவார்கள். குழுவில் பேச வருகிறவர்களோ தங்கள் அலுவலகத்தில் எது, ஏன் நின்றுபோனது என்பதைச் சொல்வார்கள். உதாரணத்துக்கு, ஒரு சிறிய கணக்கர் அலுவலகத்தின் சர்வர் 'இடம் இல்லை' என்று அடம்பிடிக்கிறது. மிச்ச இடத்தைக் காட்டும் டிஎஃப் (df) கட்டளை போட்டுப் பார்த்தால் வட்டில் பாதி காலியாக இருக்கிறது. புதிதாக வந்தவர் அங்கேயே முழிப்பார். அனுபவசாலி அதே கட்டளையோடு மைனஸ் ஐ (-i) சேர்த்து அடிப்பார். அப்போது குட்டு வெளிப்படும். ஏதோ ஒரு நிரல் லட்சக்கணக்கில் குட்டிக் குட்டித் தற்காலிகக் கோப்புகளை எழுதித் தள்ளியிருக்கிறது. ஒவ்வொரு கோப்புக்கும் அதன் விவரத்தைக் குறித்துவைக்க ஐநோடு என்ற ஒரு பதிவு வேண்டும். மைனஸ் ஐ காட்டுவது அந்தக் கணக்கைத்தான். லினக்ஸ் வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் வழக்கமான முறையான இஎக்ஸ்டி4-இல் (ext4), வட்டைத் தயார்செய்யும்போதே ஐநோடுகளின் எண்ணிக்கை முடிவாகிவிடும். அது தீர்ந்தால், எவ்வளவு இடம் மிச்சமிருந்தாலும் புதுக் கோப்பு ஒன்றுகூடப் பிறக்காது. நேர்முகத் தேர்வில் இந்தக் கதையைக் காரணத்தோடு சொல்லத் தெரிந்த பிள்ளையை எதிரில் இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார்.

இப்படி நிறைய உண்டு. விண்டோஸ் கணினிகள் நிறைந்த கடையில் லினக்ஸ் சர்வரில் சாம்பா என்ற மென்பொருளைப் போட்டுக் கோப்புகளைப் பகிர்வது, தினமும் நடக்கும் பேக்கப்பை ஒருநாள் மீட்டுப் பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லாதது, பழைய கணினிகளைத் தூக்கிப் போடாமல் ஓட்டுவது என்று வந்துகொண்டே இருக்கும். விண்டோஸைத் திட்டுவதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களும் சிலர் இருப்பார்கள். அந்தப் பேச்சை மட்டும் மகன் அங்கேயே விட்டுவிட்டு வரட்டும். வேலையிடத்தில் இரண்டும் வேண்டும்.

அடுத்த சில மாதங்களுக்குள் அவன் அங்கே எழுந்து பத்து நிமிடம் பேச வேண்டும். பெரிய தலைப்பு வேண்டாம். வீட்டில் ஒரு பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டு, குடும்பப் படங்களுக்குத் தானாக நடக்கும் பேக்கப் அமைத்து, எங்கே இடித்தது, எப்படிச் சரிசெய்தான் என்று சொன்னால் போதும். அதையே ஒரு பக்கம் எழுதி வைத்தால், வேலைப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது காட்ட ஒன்று கைவசம் இருக்கும். முன்வரிசையில் இருப்பவர்களில் யாராவது ஆள் எடுக்கிறவராகவும் இருக்கலாம்.

இதைச் சாக்காக வைத்து டிப்ளோமாவில் கோட்டை விடக் கூடாது. தேர்வு வாரத்தில் கூட்டம் வந்தால் வீட்டில் இருக்கட்டும்.

சான்றிதழ்தான் உங்களுக்கு நிம்மதி என்றால், லினக்ஸ் சான்றிதழ்களில் இரண்டைச் சொல்கிறேன். எல்பிஐசி-1 (LPIC-1) இரண்டு தேர்வுகள் கொண்டது. ரெட்ஹேட் என்ற லினக்ஸ் நிறுவனத்தின் ஆர்எச்சிஎஸ்ஏ (RHCSA) முழுக்கச் செய்முறைத் தேர்வு, மனப்பாடம் அங்கே எடுபடாது. இரண்டையும் கடைசி ஆண்டில் யோசிக்கலாம். ஆயிரக்கணக்கில் ரிங்கிட் கேட்பதாக நீங்கள் எழுதியிருக்கும் தனியார் வகுப்புக்கு இப்போதே முன்பணம் கட்டாதீர்கள். அவர்களிடம் பாடத்திட்டத்தை வாங்கி எனக்கு அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.