ஐந்தாவது டேக்கில் வற்றிப்போன அழுகை

அன்புள்ள சார்,

வார நாட்களில் அலுவலகம், சனி ஞாயிறில் குறும்படம், நாடகம் என்று ஓடிக்கொண்டிருப்பவன் நான். சமீபத்தில் நடித்த குறும்படத்தில் ஒரு காட்சி. சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பேன். ஊரிலிருந்து அக்கா போன் செய்வாள். அப்பா இறந்துவிட்டார். எனக்கு மூன்றே வசனம்: "எப்ப?", "நீ அழாத", "நான் கிளம்பி வர்றேன்".

என் தாத்தா இறந்த நாளை நினைத்துக்கொண்டு நடித்தேன். மானிட்டரில், அதாவது டேக்குக்கு முந்தைய ஒத்திகையில், யூனிட்டே கண் கலங்கியது. முதல் டேக் பரவாயில்லை. போகஸ், லைட்டிங் என்று மறுபடி மறுபடி எடுத்தார்கள். ஐந்தாவது டேக்கில் ஒன்றுமே வரவில்லை, முகத்தைச் சுளித்து ஒப்பேற்றினேன். எடிட்டிங்கில் பார்த்தால், போனை எடுக்கும்போதே என் முகம் சோகமாக இருக்கிறது.

ஒரு பயிற்சியாளர், "மெத்தட் ஆக்டிங்தான் வழி, மூன்று நாள் யாரோடும் பேசாமல் பாத்திரமாகவே இரு" என்கிறார். இன்னொருவர் மைஸ்னர் முறை என்று ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்கிறார். மூன்றாமவர், "உள்ளே ஒன்றும் வேண்டாம், உடம்பால் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்" என்கிறார். எதார்த்தமாக நடிக்க எது சரி? கிளிசரின் கேட்பது கேவலமா?

ர., திருச்சி

*

அன்புள்ள ர.,

போனை எடுக்கும்போதே முகம் சோகமாக இருந்தது என்கிறீர்களே, ஐந்தாவது டேக்கில் அழுகை வராததைவிட அதுதான் பெரிய பிழை. பாத்திரத்துக்கு இன்னும் தெரியாத செய்தி உங்கள் முகத்துக்குத் தெரிந்துவிட்டது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. நீங்கள் அழுகையைக் குறிவைத்தீர்கள். "ஆக்‌ஷன்" சொல்லும் முன்பே தாத்தாவிடம் போய்விட்டீர்கள். போன் அடித்தது உங்கள் காதில் விழவே இல்லை.

தாத்தாவை நினைத்தது தவறில்லை, நினைத்த விதம்தான் தவறு. நியூயார்க்கில் இந்த நினைவு வழியை, மெத்தட் ஆக்டிங்கின் அடிப்படையாக, பிடிவாதமாகக் கற்பித்த லீ ஸ்ட்ராஸ்பெர்க், எடுத்துக்கொள்ளும் நினைவு ஏழு வருடமாவது பழையதாக இருக்க வேண்டும் என்பார். புதுக் காயம் நம் கட்டுக்குள் நிற்காது. இன்னொன்று, துக்கத்தை நேராக நினைக்கக் கூடாது. அந்தக் கூடத்தின் தரை காலுக்கு எப்படி இருந்தது, ஊதுவத்தியோடு சேர்ந்து வேறு என்ன வாசனை, யார் கையைப் பிடித்திருந்தீர்கள், அந்தக் கை ஈரமா உலர்வா, வெளிச்சம் எந்தப் பக்கம் என்று புலன்களை மட்டும் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போக வேண்டும். ஏதோ ஓரிடத்தில் தொண்டை அடைக்கும். தாத்தாவின் முகத்தில் வராத அழுகை, வாசலில் கிடந்த அவர் செருப்பில் வரும். அடுத்த டேக்குக்கு அந்தச் செருப்பு மட்டும் போதும்.

இதற்கான அடிப்படைப் பயிற்சி ஒரு டபரா டம்ளரில் தொடங்கும். தினம் பதினைந்து நிமிடம். முதலில் சூடான காபியோடு: சூடு எந்த விரலில் முதலில் தெரிகிறது, தூக்கும்போது எடையைத் தாங்குவது மணிக்கட்டா முழங்கையா, ஆவி மூக்கின் எந்த இடத்தில் படுகிறது என்று கவனியுங்கள். பிறகு டம்ளர் இல்லாமல் அதே கேள்விகள். பெரும்பாலோர் இங்கே விரலை வளைத்து டம்ளர் வடிவத்தைக் காட்ட ஆரம்பித்துவிடுவார்கள். அது மைம். இங்கே காட்டுவதற்கு ஒன்றுமில்லை, சூட்டைத் தேட வேண்டும். தெரியவில்லையா, விட்டுவிட்டு வாசனைக்குப் போங்கள்.

ஐந்தாவது டேக்கில் வற்றியது ஏன்? பத்து நிமிட இடைவெளியில் ஒரே நினைவைத் திரும்பத் திரும்பத் தோண்டினால் அது மரத்துப்போகும். "வந்துவிட்டதா, வந்துவிட்டதா" என்று உள்ளே ஒருவர் எட்டிப் பார்க்கத் தொடங்கினால் வருவதும் நின்றுவிடும். போதாததற்கு மானிட்டரிலேயே முழுவதையும் கொட்டியிருக்கிறீர்கள். மானிட்டர் கேமராமேனுக்கும் போகஸ் பிடிப்பவருக்கும்தான். "இப்போது அசைவு மட்டும் காட்டுகிறேன்" என்று இயக்குநரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

உங்கள் மூன்று பயிற்சியாளர்களும் போடுவது பழைய பங்காளிச் சண்டை. 1920களில் ஸ்ட்ராஸ்பெர்க் பாடம் கேட்டது, மாஸ்கோ கலை அரங்கிலிருந்து வந்து நியூயார்க்கில் தங்கிவிட்ட போலெஸ்லாவ்ஸ்கியிடமும் உஸ்பென்ஸ்காயாவிடமும். அவர்கள் கொண்டுவந்தது, அந்த அரங்கை நிறுவியவர்களில் ஒருவரான ரஷ்ய இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியின் நடிப்பு முறையில் முந்தைய கட்டத்தை. 1931-ல் தொடங்கிய குரூப் தியேட்டர் என்ற நாடகக் குழுவில் ஸ்ட்ராஸ்பெர்க் அதையே கற்பித்தார். அதில் நடித்துக்கொண்டிருந்த ஸ்டெல்லா ஆட்லர் 1934-ல் பாரிஸில் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியையே நேரில் சந்தித்துச் சில வாரம் பாடம் கேட்டார். ஸ்தனிஸ்லாவ்ஸ்கியோ அதற்குள் நினைவை ஓரங்கட்டிவிட்டு, பாத்திரத்தின் சூழ்நிலை, அதற்குள் செய்யும் செயல் என்று நகர்ந்திருந்தார். ஆட்லர் திரும்பி வந்து இதைச் சொன்னதும் குழு இரண்டுபட்டது. மைஸ்னரும் அதே குழுவின் நடிகர்தான்.

நான் ஆட்லர் பக்கம். நினைவு வழியில் கண் உள்ளே திரும்பிக்கொள்கிறது. பாத்திரம் அக்காவோடு பேசிக்கொண்டிருக்க, நடிகர் தாத்தாவோடு இருக்கிறார். கேமரா அந்த விலகலைக் காட்டிக்கொடுத்துவிடும்.

உங்கள் காட்சியையே எடுத்துக்கொள்வோம். போன் வருவதற்கு முந்தைய ஒரு நாளை ஒரு தாளில் எழுதுங்கள். அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று முன்பே தெரியுமா? கடைசியாக அவரோடு பேசியது எப்போது, எதைப் பற்றி? இந்தச் சட்டை ஆபீஸுக்கா, இன்டர்வியூவுக்கா? எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்? இந்த நேரத்தில் அக்கா கூப்பிடுவது வழக்கமா? பத்து வரி போதும். முப்பது பக்கத்துக்கு ஜாதகம் எழுதினால் அதில் ஒரு வரிகூடக் கேமராவில் விழாது.

பிறகு, ஒவ்வொரு வசனத்தாலும் அக்காவை என்ன செய்கிறீர்கள் என்று ஒரு வினைச்சொல் வையுங்கள். "எப்ப?" என்பது வெறும் கேள்வியாக இருக்கலாம். நேற்று ராத்திரி பத்து மணிக்கு அப்பா கூப்பிட்டு நீங்கள் எடுக்காமல் விட்டிருந்தால், அதே "எப்ப?" ஒரு கணக்கு: பத்து மணிக்கு முன்னாடியா, பின்னாடியா? "நீ அழாத" என்பது தேற்றுவது மாதிரித் தெரிகிறது. அவள் அழுதால் நானும் உடைந்துவிடுவேன் என்று வாயை அடைப்பதாகவும் இருக்கலாம். "நான் கிளம்பி வர்றேன்" போனை வைக்க ஒரு சாக்கு. கணக்குப் பார்ப்பது, அடைப்பது, தப்பிப்பது எல்லாம் எத்தனை டேக் ஆனாலும் செய்யக்கூடியவை. "சோகமாக இருப்பது" செய்யக்கூடியது இல்லை. ஒரு டேக் காய்ந்துபோனால் வினையை மாற்றுங்கள், அடைப்பதற்குப் பதில் உண்மையாகவே தேற்றுங்கள். வசனமும் நிற்க வேண்டிய இடமும் மாறாது, உயிர் வந்துவிடும்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகையை நான்காகப் பிரிப்பது இந்த இடத்தில் கைகொடுக்கும். இளிவு, இழவு, அசைவு, வறுமை: பிறர் இகழ்வதால், உற்றாரையோ உடைமையையோ இழப்பதால், பழைய நிலை கெடுவதால், இல்லாமையால். அழுகை எப்படி இருக்கும் என்பதை விட்டுவிட்டு எதிலிருந்து வருகிறது என்று சொல்லும் பட்டியல் அது. அப்பா செத்த காட்சி என்றால் எல்லோரும் இழவை மட்டும் நடிப்பார்கள். மருந்துக்குக் கேட்ட பணத்தை அனுப்ப முடியாமல் போனவன் என்றால் வறுமையும் அதில் சேரும். பெரியப்பா முன்னால் எப்படிப் போய் நிற்பது என்றால் இளிவு. உங்கள் ஆள் எதில் அழுகிறான் என்று இயக்குநரைக் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் நீங்களே முடிவெடுத்துக்கொள்ளுங்கள்.

இஸ்திரிப் பெட்டிக்கு வருகிறேன். உங்களுக்குக் கிடைத்த பெரிய வரம் அது, பயன்படுத்தவே இல்லை. பெட்டி உண்மையாகவே சூடாக இருக்கட்டும். ஆறிய பெட்டியில் கை பொய்யாக வேகம் பிடிக்கும், சூடான பெட்டி கையைத் தன் வேகத்துக்குக் கட்டிப்போடும். காலர், தோள்பட்டை, பிறகு கை என்று வரிசையாகப் போடுங்கள். இரட்டை மடிப்பு விழாமல் சட்டைக் கையைத் தேய்ப்பதில்தான் மொத்தக் கவனமும் இருக்க வேண்டும். அப்போது போன் அடித்தால் தொந்தரவாக இருக்கும், சோகம் இருக்காது. செய்தி வந்ததும் கையில் பெட்டி, கீழே துணி, கருகப்போகிறது. நிமிர்த்தி வைக்கிறீர்கள். "நீ அழாத" சொல்லிக்கொண்டே தேய்த்த இடத்தையே மறுபடி தேய்க்கிறீர்கள். போனை வைத்த பிறகு பாக்கி இருக்கும் இன்னொரு கையையும் தேய்த்து முடிக்கிறீர்கள். இனி யாருக்கும் தேவைப்படாத சட்டை. அழ வேண்டிய அவசியமே வராமல் போகலாம். எந்தச் சொல்லில் பெட்டியை நிமிர்த்தினீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். குளோஸ்-அப்பில் அது மாறினால் எடிட்டர் உங்கள் நல்ல டேக்கைத் தூக்கிப் போட்டுவிடுவார்.

மூன்றாமவர் சொல்வது இதைத்தான், அரைகுறையாகச் சொல்லியிருக்கிறார். 'பதேர் பாஞ்சாலி'யில் (1955) சிறுவன் அப்பு நாணல் காட்டில் அக்காவைத் தேடிப் போகும் காட்சி இருக்கிறது. சும்மா நடக்கச் சொன்னபோது பையன் விறைப்பாக நேரே நடந்தான். சத்யஜித் ராய் அவன் வழியில் சுள்ளிகளைப் போட்டுத் தாண்டவைத்தார், நாணலுக்குள் ஆட்களை ஒளித்துவைத்து இடையிடையே கூப்பிடச் சொன்னார். பையன் தயங்கினான், திரும்பிப் பார்த்தான். தேடல் வந்துவிட்டது. ரஷ்ய எழுத்தாளர் ஆன்டன் செக்கவின் அண்ணன் மகனும் நடிகருமான மைக்கேல் செக்கவ் இன்னொரு உடல் வழி சொன்னார். வசனத்தின் வினையை முழு உடம்பாலும் பெரிதாகச் செய்யுங்கள்: அடைப்பது என்றால் இரண்டு கையாலும் கதவைத் தள்ளி மூடுவது போல, நாலைந்து தடவை. பிறகு அசையாமல் நின்று, அதே தள்ளலை உள்ளுக்குள் மட்டும் வைத்துக்கொண்டு வசனத்தைச் சொல்லுங்கள். ஷாட்டுக்கு முந்தைய அரை நிமிடத்தில் கேரவன் பின்னால் நின்று செய்துவிடலாம்.

மைஸ்னர் பயிற்சி எதற்கென்று உங்களுக்குப் புரியாததில் ஆச்சரியம் இல்லை, சொல்லிக்கொடுப்பவர்களே பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். இருவர் எதிரெதிரே உட்கார வேண்டும். ஒருவர் கண்ணில் படுவதைச் சொல்வார்: "உன் பட்டன் மாறிப் போட்டிருக்கு." மற்றவர்: "என் பட்டன் மாறிப் போட்டிருக்கு." இப்படியே போகும். அலுப்புத் தட்டும். சுவையாக்குவதற்காக யாரும் குரலை மாற்றக் கூடாது. ஐந்தாறு நிமிடத்தில் எதிராளிக்குச் சிரிப்போ எரிச்சலோ வரும். அப்போது அதைச் சொல்ல வேண்டும்: "உனக்குக் கோவம் வருது." "எனக்குக் கோவம் வருது." வாக்கியத்தை மாற்றுவது எதிராளியிடம் நடந்த ஒன்று, நம் சாமர்த்தியம் இல்லை. அடுத்த படியில் ஒருவர் கடினமான, அவசரமான ஒரு வேலையில் இருப்பார், உடைந்த தட்டை ஒட்டுவது போல. மற்றவர் கதவைத் தட்டிக்கொண்டு வருவார். இஸ்திரி, போன்: உங்கள் காட்சியே அதுதான்.

அதனால் போனின் மறுமுனையில் ஆள் வேண்டும். பெரும்பாலான செட்டில் செத்த போனைக் காதில் வைத்துக்கொண்டு நடிகர் தானே இடைவெளி விட்டுப் பேசுகிறார். எல்லா இடைவெளியும் ஒரே அளவாக இருக்கும், அக்கா ஒவ்வொரு முறையும் இரண்டே சொல் பேசியது போல. அக்காவின் வசனத்தை எழுதி வாங்குங்கள். பக்கத்து அறையிலிருந்து யாராவது உண்மையாகவே கூப்பிட்டுப் பேசட்டும், டேக்குக்கு டேக் கொஞ்சம் மாற்றி. பிராம்ப்டிங் பழக்கத்தையும் விடுங்கள். அசிஸ்டென்ட் எடுத்துக் கொடுக்கும் வசனத்துக்குக் காதைக் கொடுத்தவருக்கு அக்காவைக் கேட்கக் காது மிச்சமில்லை. வசனத்தைக் கையால் எழுதி, ஏற்ற இறக்கமே இல்லாமல், பாத்திரம் கழுவிக்கொண்டோ வெங்காயம் உரித்துக்கொண்டோ மனப்பாடம் செய்யுங்கள். உணர்ச்சியோடு மனப்பாடம் செய்தால் அந்த ராகம் செட்டிலும் போகாது.

மூன்று நாள் பேசாமல் இருப்பது பற்றி: வட்டார வழக்கோ நொண்டி நடையோ உடம்பில் ஊற வேண்டுமென்றால் விடாமல் அதிலேயே இருப்பது உதவும். உங்கள் ஆள் சாதாரணமாக இஸ்திரி போடுகிறவன், அவன் ஏன் மௌன விரதம் இருக்க வேண்டும்? பாத்திரமாகவே இருப்பதற்குப் பேர்போன நடிகர் டேனியல் டே-லூயிஸ் படித்ததுகூட ஸ்ட்ராஸ்பெர்க்கிடம் இல்லை, இங்கிலாந்தின் பிரிஸ்டல் ஓல்ட் விக் நாடகப் பள்ளியில்.

படத்தை டப்பிங்கில் முடிக்கப்போகிறார்கள் என்றால் இன்னொரு வேலை இருக்கிறது. பைலட் டிராக்கை, அதாவது படப்பிடிப்பில் பதிவான ஒலியை, வசனத்துக்காகக் கேட்காமல் மூச்சுக்காக மூன்று தடவை கேளுங்கள். "எப்ப?" முன்னால் மூச்சு உள்ளே போனதா, வெளியே வந்துகொண்டிருந்ததா? டப்பிங் அறையில் உட்காராதீர்கள். செட்டில் நின்றது போலவே நின்று, ஒரு கையில் போன், மறு கையில் கனமாக ஏதாவது பிடித்துக்கொள்ளுங்கள். தோள் எடை தாங்கும்போது குரல் வேறு மாதிரி வரும்.

கிளிசரின் கேட்பதில் கேவலம் ஒன்றும் இல்லை, கேளுங்கள். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள். எரிச்சலில் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே ஷாட்டுக்குள் போகாதீர்கள், அது அடங்கும்வரை காத்திருங்கள். ஆனால் கிளிசரின் கண்ணீரைத்தான் தரும், மூச்சைத் தராது. கன்னத்தில் கண்ணீர் ஓட, மூச்சு சீராகவும் மூக்கு உலர்ந்தும் இருந்தால் பார்ப்பவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். அக்காவுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை மூக்கை உறிஞ்சுங்கள்.

அன்புடன்