2/4 என்றால் என்ன? கல்லறைக் கல்லைப் பற்றிக் கேட்டவருக்கு

கல்லறைக் கல்லில் நீங்கள் பார்த்த "2/4 ஹாம்ப்ஷயர்" தேதியும் இல்லை, பின்னமும் இல்லை. பிரிட்டிஷ் ராணுவத்தின் ஹாம்ப்ஷயர் ரெஜிமென்டில், 4ஆம் பட்டாலியனுக்கு இரட்டையாக எழுப்பிய இரண்டாவது பட்டாலியன் அது.

1908இல் பிரிட்டனில் உருவான டெரிட்டோரியல் படை பகுதிநேர வீரர்களைக் கொண்டது. உள்நாட்டுக் காவலே அவர்கள் கடமையாக இருந்தது. வெளிநாடு செல்ல ஒவ்வொருவரும் தனியாக ஒப்பமிட வேண்டியிருந்தது. 1914இல் போர் மூண்டதும் பழைய பட்டாலியன் 1/4 ஆனது, புதியது 2/4 ஆனது. முழுநேரப் படைகளைப் போர்முனைக்கு விடுவிக்க, இவற்றில் பல இந்தியாவுக்கே அனுப்பப்பட்டன. 2/4 ஹாம்ப்ஷயரும் 1914 டிசம்பரில் கப்பலேறியது. கல் இங்கே இந்தியாவில் இருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

கல்லில் உள்ள வீரருக்கு இரண்டு படை எண்கள் கிடைத்துக் குழம்பினதாக எழுதியிருந்தீர்கள். இலக்கங்களை எண்ணிப் பாருங்கள். 1917 தொடக்கத்தில் டெரிட்டோரியல் காலாட்படையினருக்கு ஆறிலக்க எண் புதிதாகக் கொடுத்தார்கள். நான்கிலக்கமும் ஆறிலக்கமும் ஒரே ஆளுடையவையாக இருக்கலாம். இரண்டு பேர் என்று முடிவுகட்டிவிடாதீர்கள், பாவம், ஒருவரின் வாழ்க்கை இரண்டாகப் பிளந்துபோகும்.

ஒன்றில் மட்டும் கவனம்: "2/4 கூர்க்கா" என்றிருந்தால் பொருளே வேறு. அது 4ஆம் ரெஜிமென்டின் 2ஆம் பட்டாலியன்.