நானோ கோட்டிங் லென்ஸுக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா?

கேள்வி: கல்யாண போட்டோ எடுக்கிறேன். செகண்ட் ஹேண்டில் ஒரு லென்ஸ் பார்த்தேன். 'நானோ கோட்டிங்' இருப்பதால் விலை அதிகம் என்கிறார் விற்பவர். அது துடைத்தாலே போய்விடும், ஃபில்டர் (லென்ஸின் முன்னால் மாட்டும் கண்ணாடி) போட்டே ஆகவேண்டும் என்கிறார் நண்பர். யார் சொல்வது சரி?

பதில்: விற்பவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. நானோ கோட்டிங் என்பது கண்ணாடியில் ஒளி பட்டுத் திரும்புவதைக் குறைக்கும் பூச்சு. ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்று காட்டுவது ஒளிவிலகல் எண். காற்றுக்கு அது 1, கண்ணாடிக்குச் சுமார் 1.5. அதனால் பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் 4 சதவீத ஒளி திரும்பிவிடும். இடையில் 1.22 எண்ணுள்ள மெல்லிய படலம் இருந்தால் இது ஏறக்குறைய மறைந்துவிடும். ஆனால் வழக்கமாகப் பூசும் மக்னீசியம் ஃபுளோரைடுக்கே எண் 1.38. அதைவிடக் குறைக்கக் காற்றைத்தான் கலக்க வேண்டும். சிலிக்கா படலத்துக்குள் இட்லி போலத் துளைகள், பாதிக்குப் பாதி காற்று! துளைகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியவை, அதனால் படலம் மங்குவதில்லை. 2014இல் வந்த கேனான் 100-400 லென்ஸின் இரண்டாம் பதிப்பில் இருக்கும் 'ஏர் ஸ்ஃபியர் கோட்டிங்' இந்த வகைதான்.

பாதி காற்று என்பதால் துணி பட்டால் தாங்காது, உண்மை. அதற்காகத்தான் பெரும்பாலும் உள்ளே இருக்கும் கண்ணாடியில் பூசுகிறார்கள். நீங்கள் துடைக்கும் முன்கண்ணாடியில் இருப்பது கெட்டியான வேறு பூச்சு. பயப்பட வேண்டாம். மாறாக, பூச்சில்லாத மலிவு ஃபில்டரை மாட்டினால் 4 சதவீதம் திருப்பும் இரண்டு பரப்புகளை நீங்களே சேர்க்கிறீர்கள். மேடை விளக்கெல்லாம் படத்தில் பேயாக வந்து நிற்கும். மஞ்சள் நீர், கலர் பொடி தெறிக்கும் இடத்தில் மட்டும் நல்ல மல்டி கோட்டிங் (பல அடுக்குப் பூச்சுள்ள) ஃபில்டர் போடுங்கள்.

உங்கள் கவலை ஃபங்கஸ் பக்கம், அதாவது லென்ஸுக்குள் வளரும் பூஞ்சை பக்கம் போகட்டும். பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல இழை தெரிந்தால் வேண்டாம். "க்ளீன் பண்ணியாச்சு" என்றால் இன்னும் உஷார். உள்கண்ணாடியைத் துடைத்திருந்தால் ஃபங்கஸோடு அந்தப் படலமும் போயிருக்கலாம். அப்படிப்பட்ட லென்ஸுக்கு நானோ விலை கொடுக்காதீர்கள்.

அப்புறம், வாங்கும் முன் உங்கள் கேமராவில் மாட்டி, எரியும் பல்பு ஒன்றை ஃபிரேமின் மூலையில் வைத்து நாலு படம் எடுத்து, அந்தப் பேய் வெளிச்சம் வருகிறதா என்று பாருங்கள். லென்ஸுக்கு நேராக வெளிச்சம் அடிக்கும் இடங்களில் நிறைய எடுப்பவர் என்றால் அந்தக் கூடுதல் பணம் தகும். மண்டபத்துக்குள் ஃபிளாஷ் போட்டே வேலை முடிகிறதா? அந்தப் பணத்தில் இன்னொரு ஃபிளாஷ் வாங்குங்கள்.