துருசு பூட்டின கலக்சிகள்: கேள்வி பதில்

போன சித்திரையில் கிளிநொச்சிப் பக்கம் ஒரு குளக்கட்டில் ரெலஸ்கோப் வைத்துக் கன்னிக் கொத்தைப் பார்த்தோம். வந்தவர்களுக்கு அன்றிரவு அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. எழுதித் தந்த கேள்விகளை இங்கே எடுத்திருக்கிறேன். கலக்சி என்று நான் சொல்வது விண்மீன் மண்டலத்தை. நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ கலக்சிகள் ஈர்ப்பால் கட்டுண்டு கிடப்பதுதான் கொத்து.

பரந்தன், உயர்தர மாணவி: சேர், கொத்துக்குள்ள அவ்வளவு நெருக்கம் எண்டால் நட்சத்திரங்கள் ஒண்டோடொண்டு இடிபடாதோ?

இடிபடாது பிள்ளை. சூரியனை ஒரு பயறு என்று வைத்துக் கிளிநொச்சியில் போட்டால், அடுத்த பயறு அநுராதபுரத்தில் கிடக்கும். இடையில் ஒன்றுமில்லை. இரண்டு கலக்சிகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து போனாலும் நட்சத்திரங்கள் தப்பிவிடும். மாட்டுப்படுவது வாயு. ஐதரசன் வாயு குளிர்ந்து திரண்டுதான் புது நட்சத்திரம் பிறக்கிறது. ஆகவே கொத்தில் ஒரு கலக்சிக்கு என்ன நடந்தது என்று அறிய, அதன் வாயுவுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள்.

முழங்காவில்: தம்பி, நீலமாச் சுருண்டு கிடக்கிறதெல்லாம் வெளிப்பக்கமாயும், மஞ்சள் உருண்டையள் நடுவிலயும் எண்டு சொன்னீங்கள். ஏன் அப்பிடி?

நல்லாய்க் கவனித்திருக்கிறீர்கள் ஐயா. 1980இல் அலன் டிரெஸ்லர் 55 கொத்துகளை எண்ணிப் பார்த்து இதைத்தான் காட்டினார். தனியே கிடக்கும் கலக்சிகளில் பெரும்பாலானவை சுருளிகள். நெருக்கம் கூடக் கூடச் சுருளி குறைந்து, நீள்வட்டமும் வில்லை வடிவமும் கூடுகின்றன. நிறத்துக்குக் காரணம் வயது. நீல நட்சத்திரங்கள் வேகமாக எரிந்து சில கோடி ஆண்டுகளுக்குள் முடிந்துவிடும். புதிய பிறப்பு நின்றால் நீலம் முதலில் போகும், நெடுங்காலம் வாழும் மஞ்சளும் சிவப்பும் மிஞ்சும்.

ஒட்டுசுட்டான்: வெளியில காத்தே இல்லையே அண்ணை. பிறகு என்னெண்டு வாயு பறிபோகும்?

இந்தக் கேள்விக்காகவே எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம்.

காற்று அசையாத மத்தியானத்தில் ஏ-9 வீதியில் மோட்டார் சைக்கிள் ஓடிப் பாருங்கள், சேட்டுப் படபடக்கும். காற்று அடிக்கவில்லை, நீங்கள்தான் காற்றுக்குள் போகிறீர்கள். கொத்தின் இடைவெளியும் வெறுமையல்ல. 1 கோடி முதல் 10 கோடி பாகை வரை கொதிக்கும் வாயு அங்கே நிரம்பியிருக்கிறது. அது எக்ஸ் கதிரில் ஒளிர்வதால்தான் எங்களுக்குத் தெரியவந்தது. மிக மெல்லியது, ஒரு கனமீற்றருக்கு ஆயிரம் துணிக்கை அளவில்தான். ஆனால் கொத்து முழுவதும் பரவிக் கிடப்பதால், பெரிய கொத்துகளில் எல்லா நட்சத்திரங்களையும் கூட்டினாலும் இந்த வாயுவின் திணிவே பல மடங்கு அதிகம்.

இதற்குள் கலக்சி செக்கனுக்கு 1,000 கிலோமீற்றர் அளவில் விழுகிறது. எதிர்க்கும் அழுத்தம் வாயுவின் அடர்த்தியோடும் வேகத்தின் வர்க்கத்தோடும் கூடும். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு. 1972இல் கன், கொட் என்ற இருவர் இதைக் கணக்கிட்டு எழுதினார்கள். களத்தில் சுளகால் தூற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். நெல்மணி நேரே விழும், பதரைக் காற்று கொண்டுபோகும். இங்கே நட்சத்திரங்கள் மணி, வாயு பதர். நெல்லில் பதர் போனால் நல்லது. கலக்சியில் போவதோ விதைநெல்.

கண்ணால் காண விரும்பினால் ஈஎஸ்ஓ 137-001 என்ற கலக்சியின் ஹபிள் படத்தைத் தேடுங்கள். நோர்மா கொத்துக்குள் பாயும் அதன் பின்னால், எக்ஸ் கதிரில் 2,60,000 ஒளியாண்டு நீளத்துக்கு வால் கிடக்கிறது. அந்த வாலிலேயே நீலக் கீற்றுகளாகப் புது நட்சத்திரங்கள் பிறந்திருக்கின்றன. இழுதுமீன் போன்ற அந்தத் தோற்றத்தை நான் எத்தனை தரம் பார்த்திருப்பேனோ தெரியாது, இன்னும் அலுக்கவில்லை.

துணுக்காய்: அப்ப எல்லாக் கலக்சியிலயும் இப்பிடி ஒரேயடியா வாயு போயிடுமோ?

இல்லை. பலவற்றில் மெதுவாக நடக்கிறது. இரணைமடுக் குளத்துக்குக் கனகராயன் ஆறு போல, கலக்சிக்கும் வெளியிலிருந்து வாயு வந்து சேரவேண்டும். கொத்துக்குள் விழுந்ததும் அந்த வரத்து அறுகிறது. சுற்றியுள்ள வாயு அவ்வளவு சூடு, குளிர்ந்து இறங்காது. குளத்து மதகான துருசைப் பூட்டினால் வயல் அன்றே காய்வதில்லை, நிற்கும் தண்ணீரில் பயிர் கொஞ்ச நாள் இழுக்கும். அப்படித்தான் கலக்சியும் கையிலுள்ள வாயுவைச் சில நூறு கோடி ஆண்டுகள் செலவழித்து ஓய்கிறது. பியற்றிஸ் ரின்ஸ்லியும் வேறு இருவரும் 1980இல் முன்வைத்த எண்ணம் இது. அடுத்த ஆண்டே அவர் இறந்துபோனார். அதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கும்.

நெடுங்கேணி: கலக்சியள் ஒண்டோடொண்டு சேருறதும் கொத்துக்குள்ளதான் கூடவோ?

பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் கொத்துக்குள் வேகம் அதிகம், உரசிவிட்டுக் கடந்துபோய்விடும். சேர்வது சிறிய குழுக்களில்தான் இலகு. நடுவில் இருப்பது மட்டும் விதிவிலக்கு. கன்னிக் கொத்தின் நடுவிலுள்ள எம்87 என்ற கலக்சி, வந்து விழுந்தவற்றை விழுங்கியே பெருத்தது. எங்கள் பால்வீதியைச் சுற்றி 150 அளவில் இருக்கும் உருண்டை நட்சத்திரக் கொத்துகள் (இவை கலக்சிக் கொத்துகள் அல்ல, நட்சத்திரங்கள் உருண்டையாகத் திரண்டவை), எம்87ஐச் சுற்றி பத்தாயிரத்துக்கும் மேல்.

புதுக்குடியிருப்பு, ஆசிரியர்: எல்லாத்துக்கும் சூழல்தான் காரணம் எண்டு பிள்ளைகளுக்குப் படிப்பிக்கலாமோ?

வேண்டாம் ரீச்சர். தனியே கிடக்கும் பெரிய கலக்சிகளிலும் பிறப்பு நின்றுபோகிறது. நடுவிலுள்ள கருந்துளை வாயுவைச் சூடாக்கிக் குளிரவிடாமல் வைத்திருப்பது அதற்கு முக்கிய காரணமாகக் கருதப்படுகிறது. சூழலின் கை ஓங்குவது சிறியவற்றில், அவற்றின் ஈர்ப்புக்கு வாயுவைப் பிடித்துவைக்கப் பலமில்லை. இன்னொன்றும் சொல்லுங்கள்: 1978இல் புச்சர், ஓம்லர் இருவரும் தொலைவிலுள்ள, அதாவது பழைய காலத்துக் கொத்துகளில் நீலக் கலக்சிகள் அதிகம் இருந்ததைக் கண்டார்கள். இன்று காய்ந்து கிடக்கும் கொத்துகளும் ஒருகாலம் பச்சையாக இருந்தவைதான்.

மாங்குளம்: எங்கட பால்வீதியும் கன்னிக் கொத்துக்குள்ள விழுமோ?

விழாது. அண்டத்தின் விரிவு எங்களை அதிலிருந்து விலக்கிக்கொண்டே போகிறது.

மல்லாவி, ஒன்பதாம் வகுப்பு: அண்ணா, நான் வீட்டில இருந்து பாக்கலாமோ? எப்ப, எங்க பாக்கவேணும்?

பார்க்கலாம் தம்பி. சித்திரை மாதக் கடைசியில், நிலவில்லாத நாளில், இரவு பத்து மணிக்கு நிமிர்ந்து பார். வன்னியில் கன்னிக் கொத்து ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலால் போகும். சிங்கத்தின் வால் நுனியிலுள்ள உத்தர நட்சத்திரத்தைக் (டெனிபோலா) கண்டுபிடித்து, கையை நீட்டி முட்டியை மூடி, அங்கிருந்து கிழக்கே ஒரு முட்டி அளவு தள்ளிப் பார்த்தால் எம்87இன் இடம். வெறுங்கண்ணுக்குத் தெரியாது. நல்ல இருட்டில் பைனாகுலரில் கொஞ்சம் மங்கலாய், ஆறு அங்குல ரெலஸ்கோப்பில் இலவம்பஞ்சுத் துணுக்குப் போலத் தெரியும். முற்றத்து லைற்றை நிற்பாட்டிவிட்டு இருபது நிமிடம் கண்ணைப் பழக்கு. நீ காணப்போகும் வெளிச்சம் ஐந்து கோடி ஆண்டுகளுக்கு மேலாக வந்துகொண்டிருக்கிறது, அவசரப்படாதே.