அம்மாவுக்கு எலும்பு ஸ்கேன்: தம்பியைத் தள்ளி வைக்க வேண்டுமா?

கேள்வி: நான் 10-ஆம் வகுப்பு மாணவி. முதுகுவலிக்காக அம்மாவுக்கு டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்க மருந்தை ஊசியாகப் போட்டு எலும்பு ஸ்கேன் எடுத்தார்கள். அதன் அரை ஆயுட்காலம் 6 மணி நேரம். அப்படியென்றால் 12 மணி நேரத்தில் முழுவதும் தீர்ந்துவிட வேண்டும்தானே? ஆனால் அன்று முழுவதும் 2 வயதுத் தம்பியை மடியில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார்கள். காமா கதிர்தான் அதிகம் ஊடுருவும் என்று படித்திருப்பதால் பயமாக இருக்கிறது. அம்மாவைத் தொட்டால் எங்களுக்கும் கதிரியக்கம் வந்துவிடுமா?

பதில்: வராது. காமா கதிர் உங்கள் மேல் பட்டால் நீங்கள் கதிரியக்கப் பொருளாக மாற மாட்டீர்கள். விளக்கு வெளிச்சத்தில் நின்றவர் இருட்டுக்குப் போனதும் ஒளிர்வதில்லை அல்லவா? மருந்து ஒட்டினால்தான் கதிரியக்கம் இடம் மாறும். அது வெளியேறுவது பெரும்பாலும் சிறுநீரில். அதனால்தான் கழிப்பறை போய்வந்ததும் கையை நன்றாகக் கழுவச் சொல்கிறோம்.

12 மணி நேரக் கணக்கில் ஒரு சறுக்கல். முதல் 6 மணியில் பாதி குறையும். அடுத்த 6 மணியில் குறைவது மீதியில் பாதிதான். ஆக 12 மணி நேரத்தில் கால் பங்கு இருக்கும், 24 மணி நேரத்தில் 16-ல் ஒரு பங்கு. பாடப்புத்தகக் கணக்கு இதோடு முடிந்துவிடும், ஆனால் உடலுக்குள் சிறுநீரகமும் வேலை செய்கிறது. எலும்பில் படியாத மருந்து, ஏறக்குறைய பாதி, முதல் நாளே சிறுநீரில் போய்விடும். இரண்டையும் சேர்த்தால் ஒரு நாள் கழித்து அம்மாவிடம் மிஞ்சுவது சுமார் 32-ல் ஒரு பங்கு. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

காமாவைப் பற்றிய பயம் பலருக்கும் உண்டு. ஆல்பாவைக் காகிதம் தடுக்கும், காமாவுக்குத் தடித்த ஈயம் வேண்டும் என்ற அட்டவணையைப் பார்த்தால் காமாதான் கொடியது என்று தோன்றும். கதிர் வெளியிலிருந்து வரும்போது அது சரி. உடலுக்குள்ளே இருந்து புறப்படும்போது கதை தலைகீழ். ஆல்பா தன் ஆற்றல் முழுவதையும் சில செல்களுக்குள்ளேயே கொட்டிவிடும். காமாவோ பெரும்பகுதி வெளியே வந்துவிடும், அதில் ஒரு பகுதி கேமராவில் விழுவதால்தான் படம் கிடைக்கிறது. மருந்தின் பெயரில் அந்த 'எம்' இருப்பது கிளர்வு நிலையில் உள்ள உட்கரு என்பதைக் காட்ட. உபரி ஆற்றலைக் காமாவாக விட்டுவிட்டு அது டெக்னீசியம்-99 ஆகிறது. அணு எண்ணும் மாறாது, நிறை எண்ணும் மாறாது.

இணையத்தில் தேடினால் அந்த டெக்னீசியம்-99-இன் அரை ஆயுட்காலம் 2 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் என்று இருக்கும். உடனே பதறிவிடாதீர்கள். அரை ஆயுட்காலம் நீண்டது என்றால் நொடிக்குச் சிதையும் உட்கருக்கள் குறைவு என்று பொருள். ஊசி போட்ட நேரத்தில் நொடிக்குப் பல கோடிச் சிதைவுகள், அதாவது அத்தனை பெக்கரல். அதே அணுக்கள் டெக்னீசியம்-99 ஆனபின் வெறும் ஒரு சில பெக்கரல். வளர்ந்த ஒருவர் உடலில் பொட்டாசியம்-40 என்ற இயற்கைக் கதிரியக்கப் பொருள் மட்டுமே சுமார் 4,000 பெக்கரல் அளவுக்கு எப்போதும் இருக்கிறது!

அம்மாவுக்குக் கிடைத்த கதிர்வீச்சு சுமார் 4 மில்லிசீவெர்ட் (உடல் பெறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). மண், காற்று, விண்வெளி என இயற்கையிலிருந்து ஒருவர் ஆண்டுக்குப் பெறுவது உலக சராசரியில் 2.4. இந்த ஸ்கேனால் வரும் ஆபத்து மிகச் சிறியது. முதுகுவலியின் காரணம் தெரியாமல் இருப்பதைவிட நிச்சயமாகச் சிறியது என்பது என் கருத்து. தம்பிக்கு அதனால் எந்தப் பலனும் இல்லை என்பதால்தான், தவிர்க்க முடிந்த அந்தச் சிறு அளவையும் தவிர்க்கச் சொன்னார்கள். தூரம் இரு மடங்கானால் கதிர்வீச்சு ஏறத்தாழ கால் பங்காகும். மடியில் நெடுநேரம் வேண்டாமே தவிர, அம்மா அதே வீட்டில் இருந்து பேசலாம், சமைக்கலாம், சாப்பாடு பரிமாறலாம்.

தம்பி இன்னும் தாய்ப்பால் குடிக்கிறான் என்றால் அதை ஸ்கேன் எடுத்த துறையிடம் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். மற்றபடி மறுநாளிலிருந்து அவன் தாராளமாக அம்மா மடியில் ஏறலாம். அந்த வாரத்தில் அம்மா விமானப் பயணம் போனால் மட்டும் ஸ்கேன் எடுத்ததற்கான கடிதத்தைக் கையில் வைத்திருக்கட்டும். சில விமான நிலையங்களின் கதிர்வீச்சு உணரிகள் மிகச் சிறிய மிச்சத்தையும் கண்டுபிடித்துவிடும்.