இலை கொட்டும் இச்சி போன்சாய்: ‘வைத்தியத்துக்கு’க் கொடுக்கலாமா?

கேள்வி: மதுரை அருகே நாகமலை புதுக்கோட்டையில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். பொங்கல் சமயத்தில் ஒரு கண்காட்சியில் 6,500 ரூபாய்க்கு, தொட்டியில் குள்ளமாக வளர்த்த இச்சி போன்சாய் ஒன்று வாங்கினேன். ‘வயது 25’ என்று அட்டை கட்டியிருந்தார்கள். ஹாலில் டிவி பக்கத்தில் வைத்து, அவர்கள் சொன்னபடி தினமும் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றுகிறேன். ஒரு மாதமாக இலை மஞ்சளாகிக் கொட்டுகிறது. விற்றவரைக் கேட்டால், ‘என்னிடம் விடுங்கள், மாதம் 1,500 ரூபாய், தேற்றித் தருகிறேன்’ என்கிறார். கொடுக்கலாமா? இப்போது பங்குனியில் மண் மாற்றலாமா? கம்பி கட்டி வடிவம் கொடுக்க எனக்கும் ஆசை. மாமியாரோ போன்சாய் வீட்டுக்கே ஆகாது என்கிறார்.

பதில்: கொடுக்காதீர்கள் டீச்சர். மற்றதெல்லாம் அப்புறம். மாதம் 1,500 வாங்கிக்கொண்டு அவர் செய்யப்போவது, செடியை வெளியே நிழலில் வைத்துத் தண்ணீர் ஊற்றுவதுதான். உங்கள் கொல்லையில் ஒரு வேப்பமரம் இருந்தால் அதனடியில் சும்மாவே நடக்கும் வேலை அது. செடி தேறாவிட்டால் அதே அளவில் வேறொன்றைத் தொட்டியில் நட்டுக் கொடுத்துவிடுவார்கள், அடையாளம் தெரியாது. எனக்கே நடந்திருக்கிறது. பல வருடங்களுக்கு முன் ஊருக்குப் போகும்போது ஒரு கொடுக்காப்புளியை ஒருவரிடம் பார்த்துக்கொள்ளக் கொடுத்துவிட்டுப் போனேன். திரும்ப வாங்கியபோது மரம் பசேலென்று, முன்பைவிட அழகாகவே இருந்தது. ஆனால் அடித்தண்டில் நான் கிளை வெட்டிய இடத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் தழும்பு இருக்க வேண்டும். காணோம். கேட்டதற்கு, ‘அது ஆறிப்போச்சு சார்’ என்றார்.

மாமியார் சொல்வதில் பாதியை நான் ஒத்துக்கொள்கிறேன். வீட்டுக்குள் ஆகாது. வாஸ்து பற்றி எனக்குத் தெரியாது. வெளிச்சம் பற்றித் தெரியும். இச்சி, ஆலமர இனத்து வெட்டவெளி மரம். டிவி பக்கத்தில் வைத்தால், நாம் ஜன்னல் இல்லாத அறையில் கஞ்சி மட்டும் குடித்துக் கிடப்பது மாதிரி. வெளிச்சம் எட்டாத மூலையில் எந்தப் போன்சாயும் வாழாது. விருந்தாளி வந்தால் ஒரு நாள் ஹாலில் வைத்து அழகு பாருங்கள், மறுநாள் வெளியே போய்விட வேண்டும்.

முதலில் உயிர் இருக்கிறதா பாருங்கள். தண்டில் ஒரு இடத்தில் நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். தோலுக்குக் கீழே பச்சை தெரிந்து, வெள்ளைப் பால் துளிர்த்தால் மரம் இருக்கிறது. நுனிக்கிளையில் பழுப்பாகக் காய்ந்திருந்தால் பயப்பட வேண்டாம், பச்சை வரும் வரை கீழே கீழே சுரண்டிக்கொண்டே வாருங்கள். இச்சி அவ்வளவு சீக்கிரம் சாகிற சாதி இல்லை. இடம் மாற்றினாலே கோபித்துக்கொண்டு இலையைக் கொட்டும், பிறகு துளிர்க்கும்.

அப்புறம் தொட்டியைப் பாருங்கள். மேலே வெள்ளைக் கூழாங்கல் பரப்பியிருக்கும், அநேகமாக. ஒரு கல்லை எடுத்துப் பாருங்கள். வராது. ஒன்றோடொன்று கோந்து போட்டு ஒட்டியிருப்பார்கள், லாரியில் வரும்போது மண் கொட்டாமல் இருக்க. தட்டை முனை ஸ்க்ரூ டிரைவரால் ஓரத்தில் நெம்பினால் கடலை மிட்டாய் மாதிரி பாளம் பாளமாகப் பெயர்ந்து வரும். அதற்கு அடியில் இருப்பது மண்ணே அல்ல, தென்னை நார்க்கழிவு. நீங்கள் ஊற்றிய அரை டம்ளர் ஒரு ஓரமாக இறங்கி அங்கேயே ஊறிக் கிடக்கும், இன்னொரு ஓரம் எலும்பாகக் காய்ந்திருக்கும். தொட்டியைத் தூக்கி அடியையும் பாருங்கள். மேஜை நனையக்கூடாது என்று வடிகால் துளையை அடைத்து விற்கிற புண்ணியவான்களும் இருக்கிறார்கள்.

அந்த 25 வயது அட்டையை எடுத்துவிடுங்கள். அடி பெருத்து, கிழங்கு மாதிரி இரண்டு மூன்று கால் ஊன்றி நிற்கிறதா உங்கள் மரம்? அப்படியென்றால் அது விதையில் வளர்த்து, பருத்த வேரை வெளியே எடுத்து, தலையில் சிறு இலை ரகத்தை ஒட்டுக் கட்டியது. மொத்தமாக இறக்குகிற சரக்கு. இந்த ஊர் இச்சியைக் குறுக்கே அறுத்துப் பார்த்தாலும் வருடத்துக்கு ஒரு வளையம் என்று தெளிவாக எண்ண முடியாது. அட்டையில் எழுதியவர் எதை வைத்து எண்ணினார்? ‘போன்சாய் விதை’ என்று ஆன்லைனில் விற்பதும் இதே வகைதான். அப்படி ஒரு விதை உலகத்தில் இல்லை. எந்த மரத்தின் விதையும் போன்சாய் விதைதான், அதை வெட்டி வளர்ப்பதில்தான் இருக்கிறது விஷயம்.

இனி மண். பங்குனி, சித்திரை, வைகாசியில் மதுரை வெயிலில் வேரைத் தொடக்கூடாது. தை கடைசி, மாசி நல்லது. தவறவிட்டால் ஆடி, ஆவணிக்குக் காத்திருக்க வேண்டும். விதி இது. ஆனால் உங்களுக்கு ஒரு விதிவிலக்கு சொல்கிறேன், நிதானமாகப் படியுங்கள். கல்லைப் பெயர்த்த பிறகு ஒரு ஊதுபத்திக் குச்சியை ஓரமாக அடிவரை குத்தி, பத்து நிமிடம் விட்டு எடுத்து மோந்து பாருங்கள். ஈரமண் வாசம் வந்தால் வேரைத் தொடாதீர்கள். கல்லை மட்டும் எடுத்துவிட்டு, வெளியே நிழலில் வைத்து ஆடி வரை பொறுங்கள். சாக்கடை நாற்றம் வந்தால் வேர் அழுகுகிறது. அப்போது பங்குனி என்ன, கத்திரி வெயிலே ஆனாலும் எடுத்துத்தான் ஆக வேண்டும். காத்திருந்தால் ஆடியில் விறகுதான் மிஞ்சும்.

சாயங்காலம் செய்யுங்கள். மரத்தை எடுத்து, நார்க்கழிவு போகும்வரை வாளித் தண்ணீரில் அலசுங்கள். நல்ல வேர் வெளிறி, விரலுக்கு உறுதியாக இருக்கும். அழுகியது கறுத்து, இழுத்தால் தோல் உறையாக வழுக்கிக் கழன்று உள்ளே நூல் மட்டும் நிற்கும். அதையெல்லாம் ஸ்பிரிட்டில் துடைத்த கத்தரியால் நல்ல இடம் வரை வெட்டிவிடுங்கள். பழைய தட்டுத் தொட்டிக்குத் திரும்ப வேண்டாம். துளையுள்ள சாதாரண மண் தொட்டி போதும். கலவை: நன்றாக வெந்த செங்கலை உடைத்து, பாசிப்பயறு அளவுக்குச் சலித்தது இரண்டு பங்கு, பெருமணல் ஒரு பங்கு, மக்கின தொழு உரம் ஒரு பங்கு. செங்கல் தூளைத் தள்ளிவிடுங்கள், அது இறுகிக் களியாகும். வேகாத செங்கலும் கூடாது, இரண்டே மாதத்தில் கரைந்து சேறாகும். உங்கள் பக்கத்துக் கரிசல் வேண்டவே வேண்டாம். ஜப்பான் மண் என்று கிலோ கணக்கில் விற்பார்கள், அதுவும் வேண்டாம். மரம் ஆடாமல் கம்பியால் தொட்டியோடு கட்டுங்கள். ஆடினால் புது வேர் அறுந்துகொண்டே இருக்கும். ஒரு மாதம் முழு நிழல், கலவையில் போட்டது போக ஆறு வாரம் வேறு உரம் கிடையாது. ‘டானிக்’ என்று பாட்டிலை நீட்டினால் வாங்காதீர்கள். மறுபடி சொல்கிறேன், இவ்வளவும் நாற்றம் வந்தால் மட்டும்.

தண்ணீருக்கு டம்ளர் கணக்கு வேண்டாம். விரல் நுனியை மண்ணில் அழுத்துங்கள். மேல்மண் காய்ந்திருந்தால் அடித்துளை வழியாக ஒழுகும்வரை ஊற்றுங்கள். வெளியே வைத்தபின் சித்திரையில் இரண்டு வேளைகூடக் கேட்கும். போர் தண்ணீர் உப்பென்றால் தொட்டி விளிம்பில் வெள்ளை பூக்கும். ஐப்பசி மழையை ஒரு டிரம்மில் பிடித்து வையுங்கள்.

கம்பி கட்டும் ஆசை புரிகிறது. காய்ச்சல்காரனுக்கு அலங்காரம் வேண்டாம், ஒரு வருடம் போகட்டும். அதுவரை கை பழக இலவச மரம் சொல்கிறேன். மாசி வீதி, ஆவணி மூல வீதிப் பக்கம் பழைய வீட்டு மாடிச் சுவரைப் பாருங்கள். காக்கா எச்சத்தில் விழுந்த ஆலும் அரசும் இச்சியும் விரிசலில் முளைத்து நிற்கும். வீட்டுக்காரருக்கு அது சுவரை உடைக்கும் சனியன், கேட்டால் ஏணியும் தருவார். வேரோடு வராவிட்டாலும் பரவாயில்லை, விரல் தடிமன் உள்ள இச்சிக் கிளையை ஆடி மழையில் போத்தாக நட்டாலே பிடித்துக்கொள்ளும். அழகர்மலைப் பக்கம் போய்த் தோண்டாதீர்கள், அது வனத்துறை நிலம், கேஸ் ஆகும். சுவரில் எடுத்ததைத் தரையில் இரண்டு மூன்று வருடம் விட்டு அடியைப் பெருக்க விடுங்கள். சிறு தொட்டியில் தண்டு பெருக்காது, இதைத்தான் யாரும் சொல்வதில்லை. பிறகு அலுமினியக் கம்பி, கிளையின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு. வாரம் ஒருமுறை பாருங்கள். இச்சி வேகமாகப் பருத்து ஒரு மாதத்திலேயே கம்பியை விழுங்க ஆரம்பிக்கும், அந்தத் தடம் பல வருடம் போகாது.

பணம் திரும்புமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நினைத்திருப்பீர்கள். பில் இருக்கிறதா? இருக்காது. இருந்தால், வாங்கிய விலை 5 லட்சத்துக்குள் என்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே இல்லாமல் மனு போடலாம். ஆனால் 6,500 ரூபாய்க்கு எத்தனை வாய்தாவுக்குப் பள்ளிக்கூடத்துக்கு லீவு போடுவீர்கள்? உரம் விற்க லைசென்ஸ் கேட்கிறார்கள், ஒரு செடிக்குப் பொய் வயது எழுதிக் கட்டி விற்பவரிடம் எவரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. நானும் ஒரு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துப் பார்த்தேன். ‘அது எங்கள் பிரிவு இல்லை’ என்று மூன்று மேஜை மாற்றி அனுப்பினார்கள். நாலாவது மேஜையில் ஆள் இல்லை.

சுரண்டிப் பார்த்து அடிவரை பழுப்பாகவே இருந்தால் மரத்தைப் பிடுங்கிவிடுங்கள். தட்டுத் தொட்டியை மட்டும் எறிய வேண்டாம். கழுவி, துளையைத் திறந்து, பரணில் போடுங்கள். சுவர் இச்சிக்கு ஆகும்.