தண்டல் அட்டையும் ஒரு ராணியும்

அன்புள்ள அண்ணா,

நான் கொருக்குப்பேட்டையில் டியூஷன் எடுக்கிறேன். ஒன்பதாவது படிக்கும் பையன் ஒருவன் லண்டனில் இருக்கும் பூடிக்கா ராணி சிலையின் படத்தைக் காட்டி, "ஊரையே கொளுத்துனவங்களுக்கு எதுக்கு மிஸ் சிலை?" என்று கேட்டான். தேடிப் படித்தேன். கி.பி. 60-61 வாக்கில் ரோமானியர்களை எதிர்த்து மூன்று நகரங்களை எரித்திருக்கிறார். 70,000 பேரைக் கொன்றிருக்கிறார். கடைசியில் தோற்றும் போயிருக்கிறார். இவருக்கு தேசிய வீராங்கனை ஆகும் தகுதி உண்டா? நம் வேலு நாச்சியாரோடு ஒப்பிடலாமா? அந்தத் தேர்ச் சக்கரத்தில் கத்தி இருந்தது உண்மையா?

பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். சக்கரத்துக் கத்திக்கு ஆதாரம் இல்லை, சிற்பியின் கைவரிசை. வேலு நாச்சியார் 1780இல் சிவகங்கையை மீட்டு ஆண்டவர். இரண்டு பேரையும் தராசில் வைக்கிற வேலையை பட்டிமன்றக்காரர்களிடம் விட்டுவிடுவோம்.

ஆனால் அந்த 70,000. ஏம்மா, கணக்கு சொல்லித்தருகிறவர்தானே நீங்கள்? பையன் வெறும் விடையை எழுதினால் வழி எங்கே என்று கேட்க மாட்டீர்களா? அந்த எண்ணைத் தந்தவர் டாசிட்டஸ், ரோம வரலாற்றாசிரியர். கலகம் நடந்தபோது அவருடைய மாமனார் அக்ரிகோலா பிரிட்டனில் ரோமப் படையில் இருந்தார். கடைசிப் போரில் பிரிட்டன்காரர்கள் 80,000 பேர் செத்தார்கள், ரோமானியர் 400 பேர்தான் என்று எழுதியவரும் அவரே. மாமனார் வீட்டுக் கணக்கு அப்படித்தான் இருக்கும். இந்தக் கதையை எழுதிய இன்னொரு வரலாற்றாசிரியர் டியோ. அவர் எழுதியது 150 வருஷம் கழித்து. பூடிக்கா பேசியதாக இவர்கள் எழுதியிருக்கும் வீர உரைகள் எல்லாம் இவர்களே கட்டியவை.

கொலையே நடக்கவில்லை என்று சொல்லவில்லை. லண்டன் நகரத்துக்குள் ஆழமாகத் தோண்டினால் சிவக்க வெந்த மண் ஒரு அடுக்காக இன்றும் வருகிறது. எரித்தாள். செத்தவர்களில் கைக்குழந்தைகளும் இருந்திருக்கும். அதற்குச் சப்பைக்கட்டு கட்ட எனக்கு மனமில்லை.

என் கோபம் வேறு. நீங்கள் நெருப்பிலிருந்து ஆரம்பிக்கிறீர்கள். நான் கடனிலிருந்து ஆரம்பிப்பேன்.

பூடிக்காவின் புருஷன் பிரசுடாகஸ், பிரிட்டனில் இருந்த ஐசீனி என்ற இனத்து மக்களின் அரசன். சாகும்போது ரோமப் பேரரசர் நீரோவையும் தன் இரண்டு மகள்களையும் சேர்த்து வாரிசாக எழுதிவைத்தான். பெரிய இடத்துக்கு ஒரு பங்கு கொடுத்துவிட்டால் பிள்ளைகளை விட்டுவிடுவார்கள் என்று நினைத்திருப்பான். அவன் போனதும் ரோம அதிகாரிகள் வீட்டுக்குள் புகுந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள். அவளைச் சாட்டையால் அடித்தார்கள். மகள்களைக் கெடுத்தார்கள். இது டாசிட்டஸே எழுதியது. டியோ சொல்வது இன்னும் நமக்குத் தெரிந்த கதை. முந்தைய பேரரசர் கிளாடியஸ் அங்கிருந்த தலைவர்களுக்குக் கொடுத்த பணத்தை, "அது கடன், திருப்பிக் கொடு" என்று வரி அதிகாரி கேட்டஸ் கேட்டான். தத்துவஞானி செனிகா, எளிமையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர், வேண்டாம் என்றவர்களுக்கும் வட்டிக்காக 4 கோடி செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) கொடுத்துவிட்டு ஒரே நேரத்தில் கழுத்தில் துண்டைப் போட்டார்.

வடசென்னைக்காரிக்கு இது புரியாமல் போகுமா?

எங்கள் ஆயா காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்றவள். கூடைக்கு முதல் போட தண்டல் பணம். 200 ரூபாய் என்று பேர், கையில் வருவது 170. தினம் இரண்டு ரூபாய், நூறு நாள். கணக்கெல்லாம் தண்டல்காரனின் நோட்டில் மட்டும்தான் இருக்கும். 1979 மழைக்காலத்தில் ஆயாவுக்குக் காய்ச்சல், பத்து நாள் கட்டவில்லை. தண்டல்காரன் வந்து பித்தளை அண்டாவைத் தூக்கினான். அதுவரை ஆயா வாயே திறக்கவில்லை. சைக்கிளில் அண்டாவைக் கட்டிக்கொண்டே, வாசலில் நின்ற என் அத்தையைப் பார்த்து ஏதோ சொன்னான். எனக்கு எட்டு வயது, காதில் விழவில்லை.

"எம் பொண்ணப் பத்தி இன்னாடா சொன்ன?"

அடுத்த நிமிஷம் அவன் அக்குளில் இருந்த நோட்டு மீன் கழுவிய தண்ணீர் பக்கெட்டுக்குள் இருந்தது. காலால் மிதித்தாள். நீலமை கரைந்து செதிலோடு மேலே மிதந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. தெருவின் மொத்தக் கடனும் அதில்தான் இருந்தது.

தெரு கொண்டாடியது என்று நினைக்கிறீர்களா? மறுநாள் அவன் புது நோட்டோடு வந்து ஞாபகத்திலிருந்து எழுதினான். ஒவ்வொருத்தி கணக்கிலும் பத்து நாள் ஏறியது. "இவ ஆடுன ஆட்டத்துக்கு நாங்க அழுவணுமா?" என்று ஒரு வாரம் குழாயடியில் ஆயாவுக்கு ஏச்சு. பூடிக்காவையும் சொந்த நாட்டுக்காரர் ஏசியிருக்கிறார். ஆறாம் நூற்றாண்டுத் துறவி கில்டாஸ் பெயர்கூடச் சொல்லாமல் வஞ்சகப் பெண்சிங்கம் என்று எழுதினார்.

அப்புறம் தண்டல்காரன் வருவது நின்றது. அவன் மச்சான் வந்தான். "அம்மா" என்றுதான் பேசுவான். ஆளுக்கு ஒரு அட்டை கொடுத்து, கட்டிய அன்றே கட்டத்தில் கையெழுத்துப் போட்டான். பல வருஷம் கழித்து கிளாசிசியானஸ் பற்றிப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கலகத்துக்குப் பிறகு ரோம் அனுப்பிய புது வரி அதிகாரி அவர். பழிவாங்கிக்கொண்டே இருந்தால் முடிவு வராது, தளபதியை மாற்றுங்கள் என்று மேலே எழுதினார். வரி மட்டும் நிற்கவில்லை. அவருடைய கல்லறைக் கல் லண்டனிலேயே கிடைத்து மியூசியத்தில் இருக்கிறது. பூடிக்காவின் புதைகுழி யாருக்கும் தெரியாது.

சரி, சிலைக்கு வருகிறேன். சிற்பி தார்னிகிராஃப்ட் அதைத் தொடங்கியது நம் ராயபுரம் ஸ்டேஷன் திறந்த அதே 1856இல். தேம்ஸ் கரையில் நின்றது 1902இல். பீடத்தில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? சீசர் அறியாத நாடுகளையும் உன் சந்ததி ஆளும் என்று. பேரரசின் அடியை வாங்கியவளைப் பேரரசுக்கே விளம்பரப் பலகை ஆக்கிவிட்டார்கள். அதே ஆட்கள் இங்கே மவுண்ட் ரோட்டில் வைத்திருந்தது 1857 கலகத்தை ரத்தத்தில் அடக்கிய நீல் துரையின் சிலை. 1927இல் அதை எடுக்கச் சொல்லிப் போராடி ஜெயிலுக்குப் போனார்கள் நம் ஆட்கள். 1937இல்தான் அது அங்கிருந்து போனது. ஆகவே தகுதியைப் பற்றிக் கேட்பதாக இருந்தால் சிலை வைத்தவர்களிடம் கேளுங்கள். அவள் மனு போடவில்லை.

ஆயா செத்த அன்று, குழாயடியில் ஏசிய அதே பெண்கள்தான் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். "தண்டல்காரனையே பக்கெட்டுல முக்கி எடுத்தவடி அவ" என்றாள் ஒருத்தி. நோட்டைத்தான் முக்கினாள் என்று நான் திருத்தப் போனேன். அப்பா கையைப் பிடித்து இழுத்துவிட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த சாயங்காலம் மச்சான் வந்தான். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து படத்தைக் கும்பிட்டான். பிறகு அட்டையைக் கேட்டான். தினம் ஐந்து ரூபாய் அட்டை அது, பதினொரு கட்டம் காலி. அப்பா 55 ரூபாயை எண்ணிக் கொடுத்தார்.